வேலை வாசலில் வயதுக் கோடு

இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். அதன் இரண்டாம் பிரிவு இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் என்ற ஏழு காரணங்களைக் கூறி, இவற்றுள் எதனைக் கொண்டும் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. எட்டாவதாக வந்திருக்கக்கூடிய ஒன்று அங்கே இல்லை. அது வயது.

இந்த விடுபாட்டை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வெளியாகும் அரசாங்க வர்த்தமானியில் பதவி வெற்றிடங்கள் பற்றிய அறிவித்தல்களைப் படிப்பவர்கள் அதனை நாள்தோறும் அனுபவிக்கிறார்கள், அவ்வளவுதான். கல்வித் தகைமை இன்னது, தொழில் தகைமை இன்னது, வயது இத்தனைக்குக் குறையாமலும் இத்தனைக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். குறித்த ஓர் இனத்தவர் விண்ணப்பிக்க வேண்டாம் என்று ஒரு திணைக்களம் விளம்பரம் செய்தால் மறுநாளே அது உயர் நீதிமன்றத்தில் நிற்கும். 'முப்பத்தைந்துக்கு மேற்படாமல்' என்று எழுதினால் அது விதிமுறை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வரும் தனியார் விளம்பரங்களுக்கு அந்தத் தடையும் இல்லை. அடிப்படை உரிமை வழக்கு ஆட்சித்துறையின் செயலுக்கு எதிராக மட்டுமே தொடுக்கக்கூடியது. தனியார் கம்பனி தன் வாசலில் எந்தக் கோட்டைக் கீறினாலும் அரசியலமைப்பு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

பல ஆண்டுகள் பத்திரிகைக் கந்தோரில் இருந்தவன் என்ற வகையில், செய்திப் பக்கங்களைவிட இந்த விளம்பரப் பக்கங்களே நாட்டின் வரலாற்றை நேர்மையாகச் சொல்கின்றன என்பது என் அபிப்பிராயம். ஆசிரிய தலையங்கத்தில் எவரும் தம் மனத்தில் உள்ளதை முழுவதும் எழுதுவதில்லை. ஆள் தேடுகிறவர் மறைப்பதில்லை.

கொழும்பு ஆறில், பாமன்கடைச் சந்தியிலிருந்து டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தை வழியாகக் காலி வீதிக்கு வந்து, அங்கிருந்து வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்குள் இறங்கினால், இந்தக் கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் மூன்று நான்கு தலைமுறைகளைக் காணலாம். உருத்திரா மாவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் காலையிலேயே வந்து பத்திரிகை விரிப்பவர்கள் எல்லாரும் ஓய்வை விரும்பிப் பெற்றவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களிற் பலர் உழைக்கத் தயாராக இருந்தும் உழைப்பு மறுக்கப்பட்டவர்கள். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

முதலில் ஐம்பத்தைந்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கவேண்டும்.

முதுமைக்கு அரசு பணம் கொடுக்கலாம் என்ற எண்ணத்தை முதன்முதலில் பெருமளவிற் சட்டமாக்கியவர் ஜேர்மனியின் பிஸ்மார்க். 1889இல் அவர் கொண்டுவந்த சட்டம் வைத்த வயது எழுபது. அறுபத்தைந்து என்று பலர் எழுதுவது சரியன்று. அது 1916இல், பிஸ்மார்க் இறந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த மாற்றம். பிரித்தானியா 1908இல் முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கியபோதும் எழுபதையே வைத்தது. இவ்வாறிருக்க, குடியேற்ற நாடுகளின் அரச சேவையில் மட்டும் ஐம்பத்தைந்து வழமையாயிற்று. வெப்ப நாட்டில் வேலை செய்யும் ஐரோப்பிய அதிகாரியின் உடல் விரைவிலேயே தளர்ந்துவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. லண்டனிலிருந்து வந்தவருக்காக வகுத்த அளவு, அதே வெயிலிற் பிறந்து அதே வெயிலில் வளர்ந்த யாழ்ப்பாணத்து எழுதுவினைஞருக்கும் தைக்கப்பட்டது. சட்டை பொருந்துகிறதா என்று எவரும் கேட்கவில்லை.

கேட்பதற்கு அன்று அவசியமும் இருக்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் இலங்கையில் பிறக்கும் ஒரு குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு முப்பத்திரண்டு ஆண்டுகள் அளவில் இருந்தது. 1940களின் நடுப்பகுதியில் நாற்பத்தைந்து அளவுக்கு வந்தது. (சிசு மரணம் மிகுந்த காலத்துக் கணக்கு இது. ஐம்பதைத் தொட்டவர்கள் அதன் பின்னும் பல ஆண்டுகள் வாழவே செய்தார்கள்.) இன்று அது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஆயுள் நீண்டது, எண் அப்படியே நின்றது.

'மலாயன் பென்சனியர்' என்ற சொல்லைப் பழைய யாழ்ப்பாணத்தவர் அறிவர். மலாயாவில் புகையிரதத் திணைக்களத்திலும் அரச கந்தோர்களிலும் பணியாற்றி, ஐம்பத்தைந்தில் இளைப்பாறி, ஊருக்குத் திரும்பி, கல்வீடு கட்டிக் கோயில் திருவிழாவுக்கு உபயம் செய்த தலைமுறை அது. அவர்களுக்கு ஐம்பத்தைந்து ஒரு பரிசு. மாதாந்தம் பணம் வந்தது, காணி இருந்தது, மரியாதை இருந்தது. இளைப்பாறுதல் என்ற அழகான சொல்லுக்கு அவர்கள் வாழ்க்கைதான் பொருள் கொடுத்தது. அந்தப் பொருளையே நம் சமூகம் பின்னரும் பற்றிக்கொண்டிருந்தது என்பதில்தான் சிக்கல். ஓய்வூதியமே இல்லாத தனியார் ஊழியனையும், இடைவழியில் வெளியேற்றப்பட்டவனையும் பார்த்து, 'இனி என்ன, இளைப்பாறலாம்தானே' என்று சொல்லப் பழகிவிட்டோம்.

அரச சேவைக்குள் நுழையும் வயதும் குறுகியதே. சிவில் சேவைப் பரீட்சையை இருபதுகளின் நடுப்பகுதியைத் தாண்டியவர் எழுத முடியாது. எழுதுவினைஞர் சேவைக்கு இன்னும் இளமையிலேயே போட்டியிடவேண்டும். இளவயதில் நுழைந்து, ஒரே ஏணியில் ஏறி, ஐம்பத்தைந்தில் இறங்குவது என்பதுதான் அமைப்பு. இடையில் ஏணியிலிருந்து விழுந்தவன் மறுபடியும் ஏறுவதற்கு அதில் படி கிடையாது. ஏணி ஆடாதிருக்கும் வரை இக்குறை வெளியே தெரியவில்லை.

1947ஆம் ஆண்டு யூன் மாதம் அரசாங்க எழுதுவினைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டதில் வி. கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர் உயிரிழந்தார். அப்போது எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராயிருந்து வேலையிழந்தவர் ரி.பி. இலங்கரத்ன. அதே இலங்கரத்ன 1956இல் பண்டாரநாயக்க அரசாங்கத்தில் தொழில் அமைச்சரானார். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் அவர் காலத்தது. ஓய்வூதியமில்லாத தனியார் ஊழியருக்கு அது பெரும் வரம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த நிதியை மீளப் பெறும் வயதாக ஆண்களுக்கு ஐம்பத்தைந்தும் பெண்களுக்கு ஐம்பதும் வைக்கப்பட்டன. பணம் எடுக்கலாம் என்று சட்டம் சொன்ன வயதை, ஆளை அனுப்பலாம் என்று கம்பனிகள் வாசித்துக்கொண்டன. பெண்களை ஐம்பதிலேயே வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பல தனியார் நிறுவனங்களில் வேரூன்றியது. ஊழியனுக்காகச் செய்த சட்டத்தில் முதலாளி தனக்கு வேண்டிய எண்ணைப் பொறுக்கி எடுத்த கதை இது.

அந்த அரசாங்கத்தின் முதல் ஆண்டிலேயே இன்னொரு சட்டமும் வந்தது. அதனை வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம், நம் வழக்கில் தனிச் சிங்களச் சட்டம், 1961 சனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதனை மொழிப் பிரச்சினையாக, இனப் பிரச்சினையாக, அரசியற் பிரச்சினையாக நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் எழுதியிருக்கிறோம். அதற்குள் ஒரு வயதுப் பிரச்சினையும் இருந்தது. அதனை எழுதியவர்கள் குறைவு.

சட்டத்துக்கு முன்னரே சேவையில் இருந்தவர்கள் 'பழைய பிரவேசத்தினர்' எனவும், பின்னர் வந்தவர்கள் 'புதிய பிரவேசத்தினர்' எனவும் பிரிக்கப்பட்டனர். புதியவர்கள் குறித்த காலத்துக்குள் சிங்களத் தேர்ச்சி பெறவேண்டும். இல்லையேல் வேலை இல்லை. பழையவர்களுக்குச் சம்பள ஏற்றமும் பதவி உயர்வும் தேர்ச்சியோடு பிணைக்கப்பட்டன. விருப்பமில்லாதவர் ஓய்வூதியத்தோடு விலகிக்கொள்ளலாம். இருபத்திரண்டு வயது இளைஞன் ஒரு மொழியைக் கற்றுப் பரீட்சை எழுதுவது வேறு. 1930களில் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி, ஆங்கிலத்திலேயே கோவை எழுதி, நாற்பத்தைந்து ஐம்பது வயதை எட்டியிருந்த ஒருவர், கொள்கை காரணமாகவோ இயலாமை காரணமாகவோ அதனைச் செய்யாமல் விடுவது வேறு. பின்னவர் விலகியபோது அவர் கையில் ஒரு சிறிய ஓய்வூதியமும், படிக்கும் பிள்ளைகளும், வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீடும் மாத்திரமே இருந்தன. வேறு அரச வேலைக்கு வயது கடந்துவிட்டது. தனியார் கந்தோரில் ஐம்பத்தைந்துக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ள ஒருவரைப் புதிதாகச் சேர்க்க யாரும் முன்வரமாட்டார்கள். மொழி அவரை வெளியே தள்ளியது. வயது அவரை வெளியே வைத்திருந்தது.

செல்லையா கோடீஸ்வரனின் வழக்கை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். 1952இல் எழுதுவினைஞர் சேவையில் சேர்ந்து, 1959இல் நிறைவேற்று எழுதுவினைஞர் வகுப்புக்கு உயர்ந்தவர் அவர். 1961 டிசம்பரில் திறைசேரி விடுத்த சுற்றுநிருபத்தின்படி சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 ஏப்பிரல் மாதம் அவருக்கு வரவேண்டிய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிபதி ஓ.எல். டி கிறெற்சர், மொழிச் சட்டம் அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை மீறுகிறது என்று தீர்ப்பளித்தார். 1967இல் உயர் நீதிமன்றம், முடிக்குரிய ஊழியர் தம் சம்பளத்துக்காக முடிமீது வழக்கிட முடியாது என்ற காரணத்தால் அதனைப் புரட்டியது. 1969 டிசம்பரில் லண்டன் கோமறைக் கழகம், வழக்கிட முடியும் என்று கூறி, மொழிச் சட்டம் செல்லுபடியாகுமா என்ற மூலக் கேள்வியை மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கே அனுப்பியது. அக்கேள்வி ஒருபோதும் விசாரிக்கப்படவில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கு முறையிடும் உரிமை ஒழிக்கப்பட்டது. 1972இல் அரசியலமைப்பே மாற்றப்பட்டது.

சட்ட மாணவர்கள் இவ்வழக்கை மொழியுரிமைக்காகப் படிக்கிறார்கள். எனக்கு அதிலுள்ள நாட்காட்டி முக்கியமாகப் படுகிறது. 1962இல் நிறுத்தப்பட்ட ஒரு சம்பள ஏற்றத்துக்குப் பத்து ஆண்டுகள் கழிந்தும் விடை இல்லை. நீதிமன்றத்துக்குப் பத்து ஆண்டு என்பது ஒரு கோவை. உத்தியோகத்தனுக்கு அது முப்பத்தைந்து நாற்பத்தைந்தாகும் காலம். வேறு வழி தேடியிருக்கக்கூடிய கடைசிக் காலம். அவ்வாண்டுகளில் விலகியவர்களிற் சிலர் செட்டியார் தெருவிலும் கொட்டாஞ்சேனையிலும் வர்த்தகர்களுக்குக் கணக்கெழுதினர். சிலர் வீட்டு முன்னறையில் ஆங்கிலமும் தட்டச்சும் படிப்பித்தனர். கடவுச்சீட்டு எடுக்கும் வலு இருந்தவர்கள் சாம்பியா, நைஜீரியா என்று போயினர். நம் மக்களின் புலப்பெயர்வு 1983இல் தொடங்கியது என்று எழுதுவோர் இந்தத் தலைமுறையை மறந்துவிடுகின்றனர்.

இலங்கை அரசு இளைஞர்களின் வேலையின்மையைக் கண்டு அஞ்சத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். 1971 ஏப்பிரலில் மக்கள் விடுதலை முன்னணி இளைஞர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். அதே ஆண்டு பேராசிரியர் டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேச தொழில் நிறுவனக் குழு, படித்த இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியைப் பற்றிப் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டது. 1987 முதல் 1989 வரை தெற்கு மீண்டும் எரிந்தது. இளைஞர் அமைதியின்மை பற்றி ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமர்ந்தது. வடக்கின் இளைஞரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதில் ஒரு கசப்பான நியாயம் உண்டு. வேலையில்லாத இருபத்தைந்து வயதுக்காரன் துவக்கு எடுத்தான். வேலையில்லாத ஐம்பது வயதுக்காரன் நூலகத்துக்குப் போனான். எந்த அரசும் முதலில் யாருக்குச் செவிசாய்க்கும் என்பது தெரிந்ததே.

அஞ்சிய அரசு இளைஞருக்காவது நியாயம் செய்ததா என்றால், அதுவும் முழுமையாக இல்லை. தெற்கில் 1987க்கும் 1990க்கும் இடையில் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக்கிடந்தன. வடகிழக்கில் இடம்பெயர்வாலும் ஊரடங்காலும் பரீட்சைகள் தள்ளிப்போயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே ஒரே இரவில் பெயர்ந்தது. இருபத்திரண்டில் முடிய வேண்டிய பட்டம் இருபத்தெட்டில் முடிந்தது. அதற்குப் பிறகு வேலைக்குக் காத்திருந்த ஆண்டுகள் வேறு. வர்த்தமானியில் வயதெல்லை மட்டும் அசையவில்லை. வேலையற்ற பட்டதாரிகள் வயதெல்லையைத் தளர்த்தும்படி திரும்பத் திரும்ப வீதிக்கு வரவேண்டியிருந்தது இதனாலேயே. போர் தின்ற ஆண்டுகளைப் பிறப்புச் சான்றிதழிற் கழிக்க முடியாது என்பது திணைக்களங்களின் நிலைப்பாடு. வயதுப் பாரபட்சம் முதியவர்களின் பிரச்சினை என்று நினைப்பவர்கள் இதனைச் சிந்திக்கவேண்டும். முப்பத்தாறு வயதுப் பட்டதாரி எந்தக் கணக்கில் முதியவர்?

பெண்கள் விடயத்தில் கோடு இன்னும் கீழே இறங்குகிறது. 1978இல் கட்டுநாயக்காவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகள் தேடியது இருபது வயதை ஒட்டிய பெண்பிள்ளைகளை. முப்பதை நெருங்கியவள் அங்கே பழைய இயந்திரம். இந்தியாவில் நிலைமை இதைவிட வெளிப்படையாக இருந்தது. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் முப்பத்தைந்து வயதில் ஓய்வுபெற வேண்டும் என்றும், முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்றும் விதி இருந்தது. நர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண் தொடுத்த வழக்கில் 1981இல் இந்திய உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை இரத்துச் செய்தது. முப்பத்தைந்து என்ற எல்லையை அது இரத்துச் செய்யவில்லை. இந்திய அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரையிலும் வயது என்ற சொல் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

உலகில் வேறு நாடுகள் என்ன செய்தன? அமெரிக்கக் குடியியல் உரிமைச் சட்டம் 1964இல் வந்தபோது நிறம், இனம், மதம், பால், தேசிய மூலம் ஆகியன பட்டியலில் ஏறின. வயது ஏறவில்லை. அதனை ஆராய்ந்து அறிக்கை தரும்படி தொழிற் செயலாளருக்குப் பணித்தார்கள். வில்லார்ட் வேர்ட்ஸ் 1965இல் கொடுத்த அறிக்கை, தனியார் துறை வேலை வெற்றிடங்களில் ஏறக்குறைய அரைவாசி ஐம்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களுக்கும், காற்பங்கு நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களுக்கும் அடைக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. 1967இல் வயதுப் பாரபட்சத் தடைச் சட்டம் வந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களை அது காத்தது. கனடா 1982இல் தன் உரிமைச் சாசனத்தில் வயதைச் சேர்த்தது. தென்னாபிரிக்கா 1996 அரசியலமைப்பிற் சேர்த்தது. பிரித்தானியா 2006இல் ஒழுங்குவிதி கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஒன்ராறியோ கட்டாய ஓய்வு வயதை நீக்கியது. ரொறன்ரோவில் அறுபத்தைந்தைக் கடந்தும் வேலைக்குப் போகும் நம்மவர் பலருக்கு அது தெரியாமலே உதவியது.

இச்சட்டங்களை மெச்சும்போதும் ஒன்றை மறக்கக்கூடாது. வேலையில் இருப்பவரைக் காப்பது எளிது. விண்ணப்பிப்பவரைக் காப்பது கடினம். வேலையிலிருந்து நீக்கப்பட்டவரிடம் கடிதம் இருக்கும், சாட்சி இருக்கும். விண்ணப்பம் அனுப்பியவருக்குப் பதிலே வராது. வராத பதிலை எந்த நீதிமன்றத்தில் சமர்ப்பிப்பது? அமெரிக்காவில் டேவிட் நியூமார்க் முதலிய பொருளியலாளர்கள் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்களை, வயதைத் தவிர மற்றெல்லாம் ஒத்தவையாக அனுப்பிப் பார்த்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி வயது கூடியவர்களுக்கு, அதிலும் குறிப்பாகப் பெண்களுக்கு, அழைப்புக் குறைவாகவே வந்தது. சட்டம் வந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை இதுதான். அதே 2019இல் டேல் கிளேபர் என்ற வழக்கறிஞரின் வழக்கு முடிந்தது. மூன்று முதல் ஏழு ஆண்டு அனுபவம் உள்ளவர் தேவை, ஏழுக்கு மேல் வேண்டாம் என்று ஒரு கம்பனி விளம்பரம் செய்திருந்தது. ஐம்பத்தெட்டு வயதான கிளேபர் விண்ணப்பித்தார். இருபத்தொன்பது வயதுக்காரருக்கு வேலை கிடைத்தது. இத்தகைய மறைமுகத் தடைக்கு எதிராக 1967ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு ஊழியரைக் காக்குமேயன்றி விண்ணப்பதாரரைக் காக்காது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. அனுபவம் அதிகம் என்பதையே தகைமையின்மையாக எழுதிவிட்டால் வயது என்ற சொல்லே தேவையில்லை. நம் ஊர் விளம்பரங்களில் வரும் 'துடிப்பான இளம் குழுவில் இணைய' என்ற வரியும் அந்த வகையே.

இலங்கைக்குத் திரும்புவோம். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை அறுபது ஆக்கியது. ஆண் பெண் வேறுபாடும் ஐம்பது ஐம்பத்தைந்து என்ற குழப்பமும் அதனோடு ஒழிந்தன. 1958இன் எண்களைக் கம்பனிகள் தவறாக வாசித்ததற்கு அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம் என்று இதனைக் கொள்ளலாம். நல்ல சட்டம். ஆனால் அது பதினைந்தும் அதற்கு மேலும் ஊழியர் உள்ள இடங்களுக்கே பொருந்தும். அன்றியும், உள்ளே இருப்பவரை அறுபதுக்கு முன் வெளியேற்றாதே என்று அது சொல்கிறதேயன்றி, வெளியே நிற்கும் நாற்பத்தெட்டு வயதுக்காரரை ஏன் உள்ளே விடவில்லை என்று கேட்கவில்லை. 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமோ அறுபது வயதிலிருந்தே ஒருவரை முதியவர் என்கிறது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வேலை இழந்தவர் எந்தச் சட்டத்தின் பிள்ளையும் அல்லர்.

அரச துறையில் நடந்தது தனிக் கூத்து. 2022ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் ஓய்வு வயதை அறுபத்தைந்து ஆக்கியது. அதே 2022இன் ஓகஸ்ட் இறுதியில், பொருளாதாரம் சரிந்த நிலையில், ரணில் விக்கிரமசிங்க சமர்ப்பித்த இடைக்கால வரவு செலவுத் திட்டம் மறுபடியும் அறுபதுக்கு இறக்கியது. அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி பல்லாயிரம் அரச ஊழியர் ஒரே நாளில் வீடு சென்றனர். சனவரியில் ஆட்பற்றாக்குறையால் புகையிரத சேவைகள் தடைப்பட்டன. விசேட வைத்திய நிபுணர்கள் நீதிமன்றம் போயினர். இளைஞருக்கு இடம் விடவேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. புதிய ஆட்சேர்ப்பும் பெருமளவு நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. ஆகவே பல கதிரைகள் முதியவருக்கும் இல்லாமல் இளையவருக்கும் இல்லாமல் வெறுமையாகவே கிடந்தன. ஆந்திராவில் என்.ரி. ராமராவ் 1983இல் அரச ஊழியரின் ஓய்வு வயதை ஐம்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தைந்துக்கு இறக்கியபோதும் இளைஞரின் பெயரே சொல்லப்பட்டது. எதிர்த்திசையில், தமிழ்நாடு 2020இல் ஐம்பத்தெட்டை ஐம்பத்தொன்பதாகவும் 2021இல் அறுபதாகவும் உயர்த்தியபோது, இளைஞரின் வாய்ப்புப் போயிற்று என்ற குரல் எழுந்தது. வயது ஏறினாலும் இறங்கினாலும் கணக்குப் பார்ப்பது திறைசேரிதான். இளைஞனின் பெயர் முகவுரைக்கு.

முதலாளிமாரிடமும் நியாயம் இல்லாமலில்லை. அனுபவசாலிக்குச் சம்பளம் கூட. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தால், சேர்த்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நீக்க தொழில் ஆணையாளரின் அனுமதியோ ஊழியரின் சம்மதமோ வேண்டும். ஆகவே சேர்க்கும்போதே தயங்குகிறார்கள். கணினி தெரியாது என்பார்கள். முன்னைய இரண்டையும் ஒப்புக்கொள்ளலாம். மூன்றாவதை நான் ஏற்கமாட்டேன். ஈயத்தில் எழுத்துக் கோத்தவர்கள் ஒரே தலைமுறைக்குள் கணினி எழுத்துருவுக்கு மாறியதை எங்கள் அச்சுக்கூடங்களிலேயே பார்த்திருக்கிறேன். மாறியவர்களிற் பலர் அப்போதே நாற்பதைக் கடந்தவர்கள்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோர் நூற்றுக்கு 12.4 பேர். அதன்பின் அந்த விகிதம் உயர்ந்தே வந்திருக்கிறது. அத்தனை பேருக்கும் மலாயன் பென்சன் வரப்போவதில்லை. சேமலாப நிதியை ஒரே தொகையாக எடுத்தவர்கள் பலர், 2022இன் விலைவாசியில் அது கரைந்ததைக் கண்முன்னே கண்டவர்கள். வெளிநாட்டுப் பிள்ளையின் பணம் வரும் வீடுகளும் வெள்ளவத்தையில் உண்டு. வராத வீடுகளும் உண்டு. பின்னவற்றைப் பற்றி நாம் பேசுவதில்லை.

வயது கூடியவரைத் தயக்கமின்றிச் சேர்க்கும் தொழில் ஒன்று நம் நகரத்தில் உண்டு. அது காவலாளி வேலை. பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் எழுந்திருக்கும் தொடர்மாடிகளின் வாசல்களைப் பாருங்கள். சீருடை அணிந்து கதிரையில் இருப்பவர்களிற் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். விசாரித்தால் ஒருவர் கூட்டுத்தாபனத்தில் களஞ்சியப் பொறுப்பாளராயிருந்திருப்பார், மற்றவர் தபால் கந்தோரில் இருந்திருப்பார். கண் விழிக்க முடியாது, நிற்க முடியாது, பொறுப்பைத் தாங்க முடியாது என்று பகல் வேலைக்கு மறுக்கப்பட்ட அதே மனிதரிடம்தான் இரவு முழுவதும் முழுக் கட்டடத்தின் திறப்புக் கோர்வையையும் ஒப்படைக்கிறார்கள். அந்தத் தொடர்மாடியின் நிர்வாகம் அவரை நேரடியாகச் சேர்த்திருந்து, அங்கே ஊழியர் பதினைந்து பேருக்குக் குறைவென்றால், 2021ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் பக்கம் வராது.